கப்பல் பயணமும் கணக்கு நோட்டும்

மயிலாப்பூர்த் தெற்கு மாடவீதியில் காலைப் பொழுதில் காய்கறி வாங்க வரும் இல்லத்தரசியரை வாசகர்கள் கவனித்திருப்பார்கள். அவரைக்காய் கால் கிலோ என்ன விலை என்று முதற் கடையில் கேட்பார்கள், முகம் சுளிப்பார்கள், அடுத்த கடைக்குச் சென்று காயை ஒடித்துப் பார்ப்பார்கள், மூன்றாவது கடையில் கொத்துமல்லியும் கறிவேப்பிலையும் இனாமாக வருமா என்று உறுதி செய்துகொண்ட பின்னரே பையைத் திறப்பார்கள். இரண்டு மூன்று ரூபாய்க்கு இத்தனை ஆராய்ச்சி! அத்தகைய இல்லங்களுள் ஒன்றாகிய எங்கள் இல்லத்தில், மூன்று லட்ச ரூபாய் செலவாகும் ஓர் உல்லாசக் கப்பல் பயணத்துக்குப் பதிவு செய்யும் நாள் வந்தபோது, கைப்பேசித் திரையில் மின்னிய ஓர் எண்ணை நம்பி, பதினைந்து நிமிடத்தில் பணம் கட்டிவிட இருந்தோம்.

எங்கள் பெற்றோரின் திருமணப் பொன்விழா நெருங்குகின்றது. பிள்ளைகள் நாங்கள் மூவர். அண்ணன் தியாகராய நகரில் வசிக்கிறார். தங்கை மணமாகி அடையாற்றில் இருக்கிறாள். நாங்கள் பெற்றோருடன் மயிலாப்பூரில். எங்களோடு அத்தையும் இருக்கிறார். அப்பாவின் தங்கையாகிய அவர் இளம் வயதிலேயே கணவரை இழந்து எங்கள் வீட்டுக்கு வந்தவர்; எங்கள் மூவரையும் இடுப்பில் சுமந்து வளர்த்தவர். அப்பாவோ துறைமுகத்தில் கணக்குப் பிரிவில் 34 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர். எத்தனையோ கப்பல்களின் பெயர்களை ஏட்டில் எழுதிய அவர், அவற்றுள் ஒன்றிலேனும் ஓர் இரவு தங்கியதில்லை. பொன்விழாவுக்குப் பெற்றோரை மூன்று இரவு கடற்பயணம் அழைத்துச் செல்வோம் என்று அண்ணன் சொன்னபோது எவரும் மறுக்காததற்கு அதுவே காரணம். ஆளுக்கு ஒரு லட்சம் என்று பேசி முடித்தோம். அதற்கு மேல் எவரிடமும் இல்லை. எங்கள் பங்கு, வீட்டுக்கு வெள்ளையடிக்கவென்று போட்டு வந்த சீட்டுப் பணம்.

அப்பா பணியில் சேர்ந்த காலத்தில் சென்னையிலிருந்து கப்பலேறியவர்கள் பெரும்பாலும் பிழைப்புக்காகச் சென்றவர்களே. 1926ஆம் ஆண்டு முதல் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் 'ரஜூலா' நம் கரையிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஓடிற்று. 1970களில் அதன் இடத்தை இந்தியக் கப்பல் கழகத்தின் 'எம். வி. சிதம்பரம்' பிடித்தது. 1984 பிப்ரவரியில் அக்கப்பலில் கடற்பயணத்தின்போதே தீப்பற்றிப் பலர் மாண்டனர். அத்துடன் அதன் பயணமும் முடிந்தது. அந்நாளில் டெக்கில் படுப்பவருக்கு ஒரு கட்டணம், அறையில் படுப்பவருக்கு ஒரு கட்டணம். "சீட்டு விலையைக் கேட்டால் ஒரே எண்தான் சொல்வார்கள், கேட்டவன் இருந்தால் வாங்குவான், இல்லாவிட்டால் திரும்பிப் போவான்" என்பார் அப்பா.

இன்றைய உல்லாசக் கப்பலின் கதை வேறு. 2022 ஜூன் 4ஆம் நாள் தமிழக முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் சென்னைத் துறைமுகத்திலிருந்து கார்டீலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' கப்பலைக் கொடியசைத்து அனுப்பி வைத்தார். 1990இல் பிரான்சு நாட்டில் கட்டப்பட்ட, பதினொரு தளங்கள் கொண்ட கப்பல் அது. மறு ஆண்டு ஜூன் 5 அன்று, 17 கோடியே 21 லட்ச ரூபாயில் அமைந்த பன்னாட்டுப் பயணியர் முனையம் திறக்கப்பட்டு, அங்கிருந்து அதே கப்பல் இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைமுகங்களுக்குப் புறப்பட்டது. மேற்குக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்று சீறும் மாதங்களில் அரபிக் கடலை விட்டு வங்கக் கடலுக்கு வருவதே இத்தகைய கப்பல்களுக்கு வசதி. பம்பாய்க்காரருக்கு மழைக்காலமாகும் நாட்கள் நமக்குக் கப்பற்காலம் ஆகிவிடுகின்றன.

இவ்வகைக் கப்பல் ஒரு மிதக்கும் விடுதி. கப்பல் நங்கூரம் எடுத்த மறுகணம், நிரம்பாத அறையால் காசு வருவதில்லை. மாலையில் விற்காது போன கீரைக்கட்டைப் போன்றது அது. ஆகவே விலை நாள்தோறும், சில வேளைகளில் மணிதோறும் ஏறி இறங்கும். பள்ளி விடுமுறை என்றால் ஒன்று, வார நாள் என்றால் மற்றொன்று. அதோடு, கப்பல்காரர் அறை வாடகையால் மட்டும் பிழைப்பதில்லை. ஏறிய பின் விற்கும் பானங்கள், கரையிறங்கிச் சுற்றிப் பார்க்கும் ஏற்பாடுகள், நடுக்கடலில் திறக்கும் சூதாட்ட அறை என்று வேறு வருவாய்கள் உண்டு. ஆட்களை ஏற்றிவிடுவதற்காக முதல் எண்ணைச் சிறியதாகக் காட்டுவதில் அவர்களுக்கு ஆதாயம் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பகல் உணவுக்கு எல்லாரும் மயிலாப்பூர் வீட்டில் கூடினோம். அண்ணன் பாண்டி பஜார்ப் பக்கத்து ஏஜெண்டு ஒருவரிடம் விலை கேட்டு வந்திருந்தார்: தலைக்கு 24,000 ரூபாய், பிள்ளைகள் இருவருக்கும் இலவசம். தங்கையின் கணவர் கைப்பேசியை நீட்டினார்: தலைக்கு 21,000. நாங்கள் லஸ் அருகில் விசாரித்த ஏஜெண்டு சொன்னது 29,500. கூடத்தில் சிரிப்பொலி எழுந்தது. "உங்களை நன்றாக ஏமாற்றியிருக்கிறான்" என்றார் அண்ணன். எங்களுக்கும் அப்படித்தான் தோன்றிற்று, வாயைத் திறக்கவில்லை.

மாப்பிள்ளையின் திரையில் சிவப்பு நிறத்தில் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. இவ்விலை இன்னும் பதினைந்து நிமிடமே, அறைகள் இரண்டே மீதம் என்றது அறிவிப்பு. அவர் பரபரப்புடன் பெயர்களை ஒவ்வொன்றாக இட்டுக்கொண்டே வந்தார். அத்தையின் பெயர் வந்ததும் விரல் நின்றது.

"அத்தைக்கு மட்டும் 42,000 காட்டுகிறதே" என்றார் தணிந்த குரலில். "தனி ஆள் என்றால் இரண்டு பேர் கட்டணமாம்."

குரல் போதிய அளவு தணியவில்லை. பாயசக் கிண்ணங்களுடன் அடுக்களை வாயிலில் நின்றிருந்த அத்தை கேட்டுவிட்டார். கிண்ணங்களை ஒவ்வொருவர் முன்னும் வைத்தார். பிறகு, "எனக்குக் கப்பல் என்றாலே தலை சுற்றும். வீட்டையும் ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டாமா? நீங்கள் எல்லாரும் போய் வாருங்கள்" என்றார். அத்தை தம் வாழ்நாளில் கப்பலேறியவரல்லர். தலை சுற்றுமென்று அவருக்கு எப்படித் தெரியும்?

எவரும் பேசவில்லை. அம்மா மட்டும், "நீ வராவிட்டால் நானும் வரப்போவதில்லை" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அப்பா மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி, "அலமாரியில் நீள நோட்டு இருக்கும், எடுத்து வா" என்றார். இதற்குள் மாப்பிள்ளையின் கடிகாரம் ஓடி முடிந்துவிட்டது. என்ன ஆகுமோ என்று எல்லாரும் திரையைப் பார்த்தோம். மீண்டும் பதினைந்து நிமிடம் என்று புதிதாக ஓடத் தொடங்கிற்று. விலையும் அதே விலை, மீதமுள்ள அறைகளும் அதே இரண்டு!

இத்தகைய பொய்யான அவசரத்துக்கு நம் நாட்டு விதிகளில் இன்று பெயரே உண்டு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், கணினி வழி வாணிகத்தில் வாங்குவோரை மயக்கும் பதின்மூன்று தந்திரங்களைப் பட்டியலிட்டுத் தடை செய்கின்றன. பொய் அவசரம் அவற்றுள் ஒன்று. கேட்காத பொருளைக் கூடையில் நுழைத்துவிடுதல் ஒன்று. விலையைச் சொட்டுச் சொட்டாகக் கூட்டிக்கொண்டே போய், கடைசித் திரையில் முழுத் தொகையைக் காட்டுதல் இன்னொன்று. கடல் கடந்த நாடுகளிலும் இதே வழக்குதான். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த சட்டம், கட்டாயமாக வாங்கும் கட்டணங்களையெல்லாம் சேர்த்தே விலையை விளம்பரம் செய்ய வேண்டும் என்றது. பெரிய கப்பல் நிறுவனங்களும் அதன்படித் தங்கள் விலைப்பட்டியலை மாற்றிக்கொள்ள நேர்ந்தது.

நீள நோட்டின் தீர்ப்பு

அப்பா அன்று எவரையும் கடிந்துகொள்ளவில்லை. நோட்டில் மூன்று பத்திகள் கோடிட்டு, இடப்புறம் கேள்விகளை எழுதினார். எந்தத் தேதி, எந்த வகை அறை, அறைக்கு எத்தனை பேர், துறைமுகக் கட்டணம் உண்டா, கப்பல் ஊழியருக்கான சேவைக் கட்டணம் உண்டா, வரி சேர்ந்ததா, போகாமல் நின்றால் எவ்வளவு திரும்ப வரும். மூவரும் ஒரே நாளில், ஒரே தேதிப் பயணத்துக்கு, இதே கேள்விகளைக் கேட்டு எழுத்தில் பதில் வாங்கி வரவேண்டும் என்பது ஆணை. "இன்று ஒருவனிடமும் வியாழனன்று ஒருவனிடமும் கேட்டால் அது விலை ஒப்பிடுவதாகாது" என்றார்.

செவ்வாய் இரவு பதில்கள் வந்தன. கணக்கு விளங்கும் பொருட்டு எண்களைச் சற்று முழுமையாக்கிச் சொல்கிறோம். பருவத்துக்கும் கப்பலுக்கும் ஏற்ப இவை மாறுமென்பதை வாசகர்கள் நினைவில் கொள்க.

பயணிகள் மொத்தம் பதினொருவர். பெற்றோர், நாங்கள் இருவர், தங்கையும் கணவரும், அண்ணன், அண்ணி, பதினான்கு வயதான அவர்கள் மகள், எட்டு வயதான மகன், அத்தை. அண்ணன் கேட்டு வந்த 24,000 என்பது, ஓர் அறையில் இருவர் தங்கினால் தலைக்கு ஆகும் தொகை. பிள்ளைகள் இலவசம் என்பதால் ஒன்பது பேருக்கு 2,16,000 என்று ஞாயிறன்று மனக்கணக்குப் போட்டிருந்தோம். நோட்டில் எழுதியபோது தெரிந்தது இது: அத்தை தனி அறை என்பதால் அவருக்கு 48,000, மற்ற எண்மருக்கு 1,92,000, ஆக 2,40,000. துறைமுகக் கட்டணம் தலைக்கு 4,000, இலவசப் பிள்ளைகளுக்கும் அது உண்டு, ஆக 44,000. சேவைக் கட்டணம் இரவுக்கு 500 வீதம் மூன்று இரவுக்குப் பதினொருவருக்கும் 16,500. வரி 15,000. மொத்தம் 3,15,500. ஞாயிற்றுக்கிழமைக் கணக்குக்கும் செவ்வாய்க்கிழமைக் கணக்குக்கும் இடையில் 99,500 ரூபாய்! எங்கள் மூவரில் ஒருவருடைய முழுப் பங்கு அது.

அத்தை அப்போது சன்னலோரம் அமர்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தம் பெயருக்கு நேரே 48,000 என்று எழுதப்படுவதைப் பார்த்தும் பாராதவர் போல் இருந்தார்.

அப்பா பென்சிலை அந்த எண்ணின் மேல் வைத்துக்கொண்டு நெடுநேரம் பேசாமலிருந்தார். பிறகு அண்ணனைக் கேட்டார்: "உன் அறையில் நீங்கள் நால்வரா?"

"ஆம் அப்பா. அதனால்தான் பிள்ளைகளுக்கு இலவசம்."

"அத்தை அறையில் படுக்கை எத்தனை?"

"இரண்டு."

"இரண்டாவது படுக்கைக்கும் நாம் பணம் கட்டுகிறோம் அல்லவா? அதில் யார் படுக்கிறார்கள்?"

அண்ணன் விழித்தார். நாங்களும் விழித்தோம். பேத்தியை அத்தையின் அறைக்கு அனுப்பினால் 48,000 என்பது இருவர் கட்டணமாகிவிடும். மொத்தத் தொகையில் ஒரு ரூபாயும் ஏறாது. அண்ணன் அறையில் நால்வர் நெருக்கியடிப்பதும் தீரும். அத்தையால் வந்த கூடுதல் செலவென்று நாங்கள் கருதிய 24,000, ஆளின்றிக் கிடக்கவிருந்த ஒரு படுக்கையின் விலை. இலவசம் என்ற சொல்லில் மயங்கி, பேத்தியை நெருக்கமான அறையில் மேற்படுக்கைக்கு ஏற்றிவிட்டு, அந்தப் பக்கம் ஒரு வெற்றுப் படுக்கைக்குப் பணம் கட்ட இருந்தோம்.

அப்பா நோட்டைத் தூக்கிக்கொண்டு போய்த் தங்கையின் முன் வைத்தார். "பார். உன்னால் ஒரு காசும் கூடவில்லை." அத்தை கைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டு, விரலால் பத்திகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் படித்தார். எட்டாம் வகுப்பு வரை படித்தவர். பால் கணக்கு, மளிகைக் கணக்கு எல்லாம் இன்றும் அவர் கையில்தான். படித்து முடித்து, நிமிர்ந்து ஒரு கேள்வி கேட்டார்.

"இந்த அறையில் சன்னல் இருக்கிறதா?"

தலை சுற்றும் என்றவர் கேட்ட கேள்வி இது. அம்மா எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

சன்னலின் விலை

அக்கேள்வி, நாங்கள் மறந்திருந்த ஒன்றை நினைவூட்டிற்று. கப்பலில் அறைகள் பல வகை. சன்னலே இல்லாத உள்ளறை மலிவானது. கடலைப் பார்க்கும் கண்ணாடிச் சன்னல் உள்ளது அடுத்த படி. வெளியே நின்று காற்று வாங்கப் பால்கனி உள்ளது அதற்கும் மேல். ஒரே கப்பல், ஒரே உணவு, ஒரே கடல். படுக்கும் இடம் மட்டும் வேறு. இளைஞர்கள் இரவில் தூங்க மட்டுமே அறைக்கு வருவார்களாயின் உள்ளறையே போதும். பகலில் அறையில் ஓய்ந்திருக்கும் முதியவர்களுக்குச் சன்னலற்ற அறை சிறைபோல் ஆகிவிடலாம். மாப்பிள்ளையின் 21,000 உள்ளறைக்கானது. அண்ணனின் 24,000 கூட உள்ளறைதான். 29,500 என்று கேட்டுச் சிரிக்கப்பட்டோமே, அது சன்னல் உள்ளது. துறைமுகக் கட்டணம், சேவைக் கட்டணம், வரி யாவும் அடங்கியது.

இப்போது மூன்று பத்திகளையும் கூட்டினோம். எல்லாவற்றிலும் அத்தையும் பேத்தியும் ஓர் அறை. சிறுவன் பெற்றோருடன் மூன்றாம் படுக்கையில். அண்ணனின் ஏஜெண்டிடம் 3,15,500. மாப்பிள்ளையின் திரையில், பத்துப் பேருக்கு 2,10,000, சிறுவனுக்கு 12,000, துறைமுகத்துக்கும் சேவைக்கும் 60,500, வரியும் 'வசதிக் கட்டணம்' என்ற புரியாத ஒன்றும் சேர்ந்து 19,500, மொத்தம் 3,02,000. நாங்கள் கேட்காமலே கூடைக்குள் வந்து உட்கார்ந்திருந்த ஒரு காப்பீட்டை நீக்கிய பிறகு வந்த தொகை இது. லஸ் ஏஜெண்டிடம் பத்துப் பேருக்கு 2,95,000, சிறுவனுக்கு 12,000, மொத்தம் 3,07,000. 21,000க்கும் 29,500க்கும் இடையே தலைக்கு 8,500 என்று மலைபோல் நின்ற வேறுபாடு, குடும்பம் முழுமைக்கும் 5,000 ரூபாயாகச் சுருங்கிவிட்டது.

மூன்றாம் படுக்கையைப் பற்றி ஒரு சொல். பெற்றோருடன் அத்தையையும் ஒரே அறையில் தங்கவைத்தால் மூன்றாமவருக்குக் கட்டணம் குறையுமே என்று தங்கை கேட்டாள். கேட்டது நல்ல கேள்வி. ஆனால் மூன்றாம், நான்காம் படுக்கைகள் பெரும்பாலும் சுவரிலிருந்து மடக்கி இறக்கப்படும் மேற்படுக்கைகள். ரயில் பெர்த்தைப் போலச் சிற்றேணியில் ஏறவேண்டும். எழுபது வயதில் மூட்டுவலியுடன் ஓடும் கப்பலில் ஏணி ஏறுவது நடவாத காரியம்.

பணம் திரும்பும் விதி அடுத்தது. 3,02,000 ரூபாய்த் திட்டத்தில், கட்டிய பணம் எந்தக் காரணத்துக்கும் திரும்ப வராது என்று சிறிய எழுத்தில் இருந்தது. அப்பாவுக்கு இரத்த அழுத்தம் உண்டு. பயணத்துக்கு முதல் வாரம் மருத்துவர் வேண்டாமென்று சொல்லிவிட்டால் மூன்று லட்சமும் கடலில் போட்டதாகிவிடும். லஸ் ஏஜெண்டின் தாளில், முப்பது நாளுக்கு முன் நின்றால் ஒரு பகுதி பிடித்தம், அதற்குள் என்றால் கூடுதல் பிடித்தம் என்று படிப்படியாக எழுதியிருந்தது. அதில் கையொப்பம் வாங்கிக்கொண்டோம். ஒரு வீட்டில் கருவுற்ற பெண் இருந்தால் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: இருபத்து நான்கு வாரம் கடந்தவர்களைக் கப்பல் நிறுவனங்கள் பொதுவாக ஏற்பதில்லை. கணக்கிட வேண்டியது பதிவு செய்யும் நாளிலன்று, பயணம் முடியும் நாளில்.

துறைமுகங்களின் பெயர்களைப் பார்த்து விலையை ஒப்பிடுவோரும் உண்டு. நான்கு ஊர் காட்டும் கப்பல் மூன்று ஊர் காட்டும் கப்பலைவிட மேல் என்பது அவர்கள் எண்ணம். 2022 ஜூனில் சென்னையிலிருந்து சென்ற அதே கப்பலின் பயணத்தில் புதுச்சேரியும் நிரலில் இருந்தது. புதுச்சேரி அரசு அனுமதி தராமையால் பயணிகள் அங்கே இறங்க இயலாமற் போயிற்று. புயலோ அனுமதிச் சிக்கலோ வந்தால் துறைமுகத்தை மாற்றும் உரிமையைக் கப்பல் நிறுவனங்கள் ஒப்பந்தத்தில் தமக்கே வைத்துக்கொள்கின்றன. ஓர் ஊரைப் பார்ப்பதே நோக்கமானால் கப்பலை நம்பி அதிக விலை கொடுப்பது எங்களுக்குச் சரியாகப் படவில்லை.

யாழ்ப்பாணத்தில் உறவினரைக் காணச் செல்வோருக்கு உல்லாசக் கப்பல் தேவையே இல்லை. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணியர் கப்பல் 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கப்பட்டு, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் வேறொரு கப்பலுடன் மீண்டும் ஓடத் தொடங்கிற்று. முதலில் அறிவித்த கட்டணம் 6,500 ரூபாய். 18 விழுக்காடு வரி சேர்ந்தபோது 7,670. விலையைக் கேட்கும்போது வரியையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சிறிய உதாரணம் வேண்டாம். கடலில் சில நாள் இருந்தால் போதும், ஆடல் பாடல் வேண்டாம் என்போருக்கு அந்தமான் கப்பல் இருக்கிறது. சென்னையிலிருந்து ஏறத்தாழ மூன்று நாட் பயணம். பங்க் வகுப்பு முதல் டீலக்ஸ் அறை வரை வகுப்புக்கொரு கட்டணம். தீவுவாசிகளுக்கு ஒரு விலை, மற்றவர்களுக்கு ஒரு விலை. அப்பாவுக்கு அதில்தான் ஆசை; அம்மாவுக்கு அத்தனை நாள் கடல் ஆகாது.

சிங்கப்பூர் சென்று அங்கிருந்து கப்பலேறுவோர் விமானக் கட்டணம், விசா, துறைமுகத்தருகே ஓர் இரவு விடுதி ஆகியவற்றையும் அதே நோட்டில் எழுதவேண்டும். வெளிநாட்டுச் சுற்றுலாத் திட்டங்களுக்கு விற்பவரே முன்கூட்டி வருமான வரி வசூலிக்கும் வழக்கமும் உண்டு. 2023 அக்டோபரில் அது ஏழு லட்சம் வரை 5 விழுக்காடு, அதற்கு மேல் 20 விழுக்காடு என்று உயர்ந்தது. பின்னர் வரவுசெலவுத் திட்டங்களில் மாறி வந்திருக்கிறது. ஆகவே பணம் கட்டும் நாளின் விகிதத்தைக் கேட்டறிக. வருமான வரிக் கணக்குக் காட்டும்போது அதைக் கழித்துக்கொள்ளவோ திரும்பப் பெறவோ முடியும். ரசீதில் நிரந்தரக் கணக்கு எண் சரியாக இருக்கவேண்டும், அவ்வளவே.

ஏமாற்றப்பட்டால் என்ன செய்வது என்று அண்ணி கேட்டார். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, விற்றவர் மும்பையில் இருந்தாலும் டில்லியில் இருந்தாலும், நாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே முறையிடலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சம் வரையெனில் மனுவுக்குக் கட்டணம் இல்லை. அதற்கு முன் 1915 என்ற தேசிய உதவி எண்ணிலும் புகார் சொல்லலாம். விளம்பரத் தாள், திரையின் படம், ரசீது, எழுத்தில் வாங்கிய பதில் ஆகியவற்றைப் பத்திரப்படுத்தினால்தான் அங்கே வாய் திறக்க முடியும்.

புதன்கிழமை காலை அம்மா லஸ் ஏஜெண்டுக்குத் தொலைபேசியில் பேசினார். நாங்கள் ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. "பதினொரு பேர் வருகிறோம். எட்டு வயதுப் பையன், இட்லி இரண்டு தின்பான். அவனுக்குப் பன்னிரண்டாயிரமா?" என்று தொடங்கினார். மாடவீதியில் கொத்துமல்லி கேட்கும் அதே குரல். கால் மணி நேரத்துக்குப் பின் சிறுவனின் கட்டணம் பத்தாயிரமாக இறங்கிற்று. மொத்தம் 3,05,000.

பிள்ளைகளின் பங்கு மூன்று லட்சம். மீதி ஐந்தாயிரத்தை யார் போடுவது என்று நாங்கள் பேசத் தொடங்குமுன், அத்தை தம் பெட்டியிலிருந்து ஒரு பழுப்புக் கவரை எடுத்து வந்து அப்பாவின் நோட்டின் மேல் வைத்தார். "சன்னலுக்கு" என்றார்.

அண்ணன் தடுக்க வாயெடுத்தார். அப்பா கையமர்த்திவிட்டு, ரூபாய்களை இருமுறை எண்ணி, வரவுப் பக்கத்தில் தங்கையின் பெயரெழுதி 5,000 என்று பதிந்தார். கீழே இரட்டைக் கோடிட்டார். அதன் கீழ், முன்பணம் கட்டிய நாளையும், பாக்கித் தொகைக்குக் கடைசித் தேதியையும், அத்தையின் ஆதார் அட்டையில் உள்ள பெயரும் சீட்டில் உள்ள பெயரும் எழுத்து மாறாமல் இருக்கின்றனவா என்று பார்க்கவேண்டிய வேலையையும் குறித்து வைத்தார்.